ஆய்வைப் பற்றிய ஆய்வுக்கு எந்தப் பெயர் பொருந்தும்?

நூறு மருத்துவச் சோதனைக் கட்டுரைகளை எடுத்து, அவற்றில் எத்தனை கட்டுரைகள் பக்கவிளைவுகளைச் சரியாகப் பதிவு செய்துள்ளன என்று ஒரு குழு எண்ணுகிறது. வேலை முடிந்ததும் தலைப்பில் என்ன போடுவது என்ற கேள்வி வருகிறது. ஒருவர் முறைசார் மீளாய்வு (ஒரு கேள்விக்கான எல்லா ஆய்வுகளையும் முறைப்படி தேடித் திரட்டுவது) என்பார், இன்னொருவர் மெட்டா எபிடமியாலஜி என்பார், மூன்றாமவர் குறுக்குவெட்டு ஆய்வு (ஒரு காலகட்டத்தின் நிலையை மட்டும் எண்ணுவது) என்பார். நான்காமவர் எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்கோப்பிங் ரிவ்யூ என்று எழுதிவிடுவார். இந்த நான்கு பெயர்களிலும் இத்தகைய வேலைகள் வெளிவந்துள்ளன. ஒரே வேலை நான்கு பெயர்களில் இருந்தால், அதைத் தேடுபவர் நான்கு முறை தேட வேண்டும். ஒரே பெயரில் நான்கு விதமான வேலைகள் இருந்தால், தேடியவர் பெரும்பகுதியைக் குப்பை என்று ஒதுக்க வேண்டும்.

பெயர் தவறினால் தேடலோடு பிரச்சினை நிற்பதில்லை. எந்த அறிக்கையிடல் வழிகாட்டி, எங்கே பதிவு, எவ்வளவு மாதிரி, எந்தப் புள்ளியியல் மாதிரியுரு என்று பெயரை ஒட்டியே எல்லாம் எதிர்பார்க்கப்படும். சகமதிப்பாய்வாளரும் பெயரைப் பார்த்துத்தான் கேள்வி கேட்பார். முறைசார் மீளாய்வு என்று போட்டுவிட்டு ஐந்து ஆய்விதழ்களின் ஓராண்டுக் கட்டுரைகளை மட்டும் பார்த்திருந்தால், "மற்ற தரவுத்தளங்களை ஏன் தேடவில்லை?" என்று வரும் கேள்விக்குப் பதில் சொல்வது கடினம். அதே வேலைக்கு மாதிரி எடுத்த குறுக்குவெட்டு ஆய்வு என்று பெயர் வைத்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

பெயரைத் தீர்மானிக்கும் முன் இரண்டு விஷயங்களைத் தாளில் எழுதிக்கொள்வது நல்லது. முதலாவது, பகுப்பாய்வு அலகு எது: நோயாளியா, கட்டுரையா, சோதனையா, மீளாய்வா, ஆய்வாளரா? இரண்டாவது, கடைசியில் கிடைக்கும் விடை எதைப் பற்றிப் பேசும்: ஒரு சிகிச்சையைப் பற்றியா, ஆய்வு நடக்கும் விதத்தைப் பற்றியா? இந்த இரண்டிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

குடைப் பெயர்கள்

மெட்டா ரிசர்ச், மெட்டா சயின்ஸ், ஆய்வைப் பற்றிய ஆய்வு ஆகிய மூன்றும் துறையின் பெயர்கள். அவை வடிவமைப்பின் பெயர்கள் அல்ல. ஜான் அயோனிடிஸும் சக ஆசிரியர்களும் 2015-இல் மெட்டா ரிசர்ச்சை ஐந்து பகுதிகளாகப் பிரித்தனர்: முறைகள், அறிக்கையிடல், மறுஉருவாக்கம், மதிப்பீடு, ஊக்கக் காரணிகள். அதற்கு முந்தைய ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் இதற்கென ஒரு மையமும் தொடங்கப்பட்டிருந்தது. துறைக்கு இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் ஒரு கட்டுரையின் தலைப்பில் "ஒரு மெட்டா ரிசர்ச் ஆய்வு" என்று மட்டும் போட்டால், பழத்துக்குப் "பழம்" என்று லேபிள் ஒட்டிய மாதிரிதான். தரவு எப்படி வந்தது, எதோடு எது ஒப்பிடப்பட்டது என்று எதுவும் தெரியாது. மெட்டா அனாலிசிஸ் (பல ஆய்வுகளின் முடிவுகளைப் புள்ளியியல் முறையில் ஒன்றாக இணைப்பது) என்று தவறாகப் படிப்பவர்களும் உண்டு. இந்தப் பெயரைக் குறிச்சொல்லாக வைப்பதே போதும்.

மெட்டா சயின்ஸ் இன்னும் அகலமானது. இயற்பியலும் உளவியலும் அதற்குள் வரும். சுகாதார அறிவியலுக்குள் நிற்கும் வேலைக்கு அது தேவைக்கு மேல் பெரிய சட்டை.

மீளாய்வுகளின் மேலோட்டமா, மீளாய்வுகளைப் பற்றிய முறையியல் ஆய்வா?

அதிகம் தடுமாறும் இடம் இதுதான். மூட்டுத் தேய்மானத்துக்கு உடற்பயிற்சி பற்றிய முறைசார் மீளாய்வுகளை ஒரு குழு திரட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குவியலை வைத்து இரண்டு கேள்விகள் கேட்கலாம். உடற்பயிற்சி வலியைக் குறைக்கிறதா என்று கேட்டால் அது மேலோட்ட மீளாய்வு, அதாவது அம்ப்ரெல்லா ரிவ்யூ. இந்த மீளாய்வுகளில் எத்தனை தங்கள் நெறிமுறையை (ஆய்வு எப்படி நடக்கும் என்ற முன்திட்டத்தை) முன்கூட்டியே பதிவு செய்தன என்று கேட்டால் அது முறையியல் ஆய்வு. கட்டுரைகள் அதே கட்டுரைகள்தான், வேலை வேறு.

வேறுபாடு எங்கெல்லாம் காட்டிக்கொடுக்கும்? மேலோட்ட மீளாய்வில் தேடல் முழுமையாக இருக்க வேண்டும், ஒரு முக்கிய மீளாய்வு விடுபட்டால் முடிவே மாறலாம். முறையியல் ஆய்வில் சீரற்ற மாதிரி (குலுக்கல் போல எடுத்தது) போதும், விடுபட்டவை சராசரியைச் சாய்க்காத வரை.

அடுத்தது, ஒரே சோதனை பல மீளாய்வுகளில் இடம்பெறும் சிக்கல். மேலோட்ட மீளாய்வில் இதை அளந்தே ஆக வேண்டும். திருத்தப்பட்ட மேற்பொருந்தல் பரப்பு என்ற அளவு இதற்கு உண்டு. எல்லா மீளாய்வுகளிலும் சோதனைகள் இடம்பெற்ற மொத்த முறைகளிலிருந்து தனிச் சோதனைகளின் எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும். அதை, தனிச் சோதனைகளையும் மீளாய்வுகளையும் பெருக்கி அதிலிருந்து தனிச் சோதனைகளைக் கழித்த எண்ணால் வகுக்க வேண்டும். 5 மீளாய்வுகள், 40 தனிச் சோதனைகள், மொத்தம் 70 இடம்பெறல்கள் என்றால் 30-ஐ 160-ஆல் வகுத்து 18.75 சதவீதம் வரும். 15-க்கு மேல் போனாலே மிக அதிகம் என்று கொள்வது வழக்கம். ஐந்து மீளாய்வுகள் ஒத்துப்போகின்றன என்று எழுதுவதற்கு முன் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். ஒத்துப்போனவை ஐந்து சாட்சிகள் அல்ல, ஒரே சாட்சியின் ஐந்து நகல்களாக இருக்கலாம்.

முறையியல் ஆய்வில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது. நெறிமுறையைப் பதிவு செய்தார்களா என்ற கேள்விக்கு ஒவ்வொரு மீளாய்வும் ஒரு தனி விடை. உள்ளே இருக்கும் சோதனைகள் பொதுவாக இருந்தாலும் பாதகமில்லை.

கருவிகளும் இங்கே குழப்பம் சேர்க்கின்றன. மீளாய்வுகளின் தரத்தை அளக்கும், 16 கேள்விகள் கொண்ட ஆம்ஸ்டார் 2 என்ற கருவி இரண்டு வேலைகளிலும் வரும். மேலோட்ட மீளாய்வில் அது துணைக்கருவி, எந்த மீளாய்வை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும். முறையியல் ஆய்விலோ அதன் மதிப்பெண்தான் முடிவு. ஆம்ஸ்டார் 2 அட்டவணைதான் கட்டுரையின் முக்கிய அட்டவணை என்றால், தலைப்பில் மேலோட்ட மீளாய்வு என்ற சொல்லை எடுத்துவிடலாம். மேலோட்ட மீளாய்வுக்கு 2022-இல் வந்த பிரையர் என்ற அறிக்கையிடல் வழிகாட்டி இருக்கிறது. முறையியல் ஆய்வை அதில் நிரப்பப் பார்த்தால் பாதிப் பெட்டிகளில் "பொருந்தாது" என்றே எழுத வேண்டி வரும். பெயர் தவறு என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

மெட்டா எபிடமியாலஜி: குறுகிய பொருளா, அகன்ற பொருளா?

இந்தச் சொல்லை 1997-இல் டேவிட் நெய்லர் ஒரு தலையங்கத்தில் பயன்படுத்தினார். சொல் பரவும் முன்பே அதன் முன்னோடி வேலை வந்துவிட்டது. 1995-இல் கென்னத் ஷுல்ஸ், இயன் சாமர்ஸ், ரிச்சர்ட் ஹேய்ஸ், டக்ளஸ் ஆல்ட்மன் ஆகியோர் 33 மெட்டா அனாலிசிஸ்களில் இருந்த 250 சோதனைகளை ஆராய்ந்தனர். அடுத்து வருபவர் எந்தக் குழுவுக்குப் போவார் என்ற ஒதுக்கீட்டைப் போதிய அளவு மறைக்காத சோதனைகளில் ஆட்ஸ் ரேஷியோ (இரு குழுக்களில் ஒரு விளைவு நேரும் வாய்ப்புகளின் விகிதம்) 41 சதவீதம் மிகைப்பட்டிருந்தது. மறைத்தார்களா என்று தெளிவில்லாதவற்றில் 30 சதவீதம். இரட்டைக் கண்மறைப்பு, அதாவது யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது நோயாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரியாத ஏற்பாடு, இல்லாதவற்றில் 17 சதவீதம்.

அகன்ற பொருளில், கட்டுரையை அலகாகக் கொண்ட எந்த ஆய்வையும் மெட்டா எபிடமியாலஜி என்கிறார்கள். குறுகிய பொருளில், பல மெட்டா அனாலிசிஸ்களுக்குள் ஒரு பண்பு உள்ள சோதனைகளையும் இல்லாத சோதனைகளையும் ஒப்பிட்டு, அந்தப் பண்பு விளைவளவை எவ்வளவு மாற்றுகிறது என்று மதிப்பிடுவது மட்டுமே அது. குறுகிய பொருளே நல்லது என்பது எங்கள் முடிவு. அந்த ஒப்பீட்டுக்கென்று தனிக் கணக்கும், சறுக்கி விழத் தனிப் பொறிகளும் இருக்கின்றன. வெறுமனே "எத்தனை சதவீதம் அறிக்கையிட்டன" என்று எண்ணும் ஆய்வுக்கும் அதே பெயரைக் கொடுத்தால் அந்தப் பொறிகளை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கணக்கு இப்படி நடக்கும். ஒரு மெட்டா அனாலிசிஸுக்குள் கண்மறைப்பு இல்லாத சோதனைகளின் ஆட்ஸ் ரேஷியோ 0.60, கண்மறைப்பு உள்ளவற்றின் ஆட்ஸ் ரேஷியோ 0.80 என்று வைத்துக்கொள்ளலாம் (ஒன்றுக்குக் கீழே எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பலன்). முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.75. அதாவது கண்மறைப்பு இல்லாதவை பலனை 25 சதவீதம் கூட்டிக் காட்டுகின்றன. இந்த விகிதங்களின் விகிதத்தை ஒவ்வொரு மெட்டா அனாலிசிஸிலும் கணக்கிட்டு, பிறகு எல்லாவற்றையும் இணைக்க வேண்டும். வெவ்வேறு நோய்களின் சோதனைகளை ஒரே கூடையில் கொட்டி நேரடியாக ஒப்பிட்டால், நோயின் வேறுபாடு முறையின் வேறுபாடாக வேடம் போடும்.

இங்கே தவறு நேரும் இடங்கள் சில உண்டு. ஒரு மெட்டா அனாலிசிஸில் எல்லாச் சோதனைகளும் கண்மறைப்பு உள்ளவையாக இருந்தால் அது கணக்குக்கு எதையும் தராது. இருவகையும் கலந்தவை எத்தனை என்பதே உண்மையான மாதிரி அளவு. 80 மெட்டா அனாலிசிஸ்களைத் திரட்டி, கலந்தவை 20 மட்டும் என்று பாதி வழியில் தெரியவருவது சாதாரணம். திசையும் கவனிக்க வேண்டியது. இறப்பு குறைவது நன்மை, குணமாவது கூடுவது நன்மை. எல்லாவற்றையும் ஒன்றுக்குக் கீழே இருந்தால் நன்மை என்று முன்கூட்டியே திருப்பி வைக்காவிட்டால் விளைவுகள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரே சோதனை இரண்டு மெட்டா அனாலிசிஸ்களில் இருந்தால் ஒன்றிலிருந்து நீக்க வேண்டும்.

கடைசியாக, இது கவனிப்பு ஆய்வு மட்டுமே. கண்மறைப்பு இல்லாத சோதனைகள் பெரும்பாலும் சிறியவையாகவும் ஒதுக்கீட்டைச் சரியாக மறைக்காதவையாகவும் இருக்கக்கூடும். எது காரணம் என்று பிரிப்பது எளிதல்ல. 234 மெட்டா அனாலிசிஸ்களைத் திரட்டி 2012-இல் வந்த பிராண்டோ ஆய்வில், வலி போன்ற, ஒருவரின் மதிப்பீட்டைச் சார்ந்த அகநிலை விளைவுகளில்தான் சார்பு முக்கியமாகத் தெரிந்தது. 142 மெட்டா அனாலிசிஸ்களை வைத்து 2020-இல் வந்த மெட்டாபிளைண்ட் ஆய்வில், கண்மறைப்பு இல்லாததால் சராசரியாக மிகை வருகிறது என்பதற்கான சான்றே கிடைக்கவில்லை. 1995, 2012, 2020 ஆகிய மூன்று ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிவது அவை ஒரே வகை வடிவமைப்பு என்பதால்தான்.

கட்டுரைகளை எண்ணும் ஆய்வு: குறுக்குவெட்டா, கோஹார்ட்டா?

மிச்சமுள்ள பெரும்பான்மை வேலைகள் இந்தக் கூட்டத்தில் விழும். இவற்றுக்கு முறையியல் ஆய்வு என்ற பெயர் 2020-க்குப் பிறகு வலுப்பெற்று வருகிறது. பிற ஆய்வு அறிக்கைகளின் வடிவமைப்பு, பகுப்பாய்வு, அறிக்கையிடல் ஆகியவற்றை மதிப்பிடும் ஆய்வு என்பது அதன் பொருள். பெயர் சரிதான், ஆனால் தனியாக நின்றால் போதாது. புதிய புள்ளியியல் முறையை உருவாக்கும் கட்டுரையையும் முறையியல் கட்டுரை என்கிறோம். ஆகவே கூடவே ஒரு தொற்றுநோயியல் வடிவமைப்பின் பெயரைச் சேர்ப்பது பலன் தரும். கட்டுரைகளை நோயாளிகளைப் போலக் கருதினால் வடிவமைப்பு தானே தெரியும்.

வெளியான கட்டுரைகளை ஒரு காலகட்டத்தில் எடுத்து எண்ணினால் குறுக்குவெட்டு. ஒரு வழிகாட்டி வெளிவந்ததற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால் முன்-பின் ஆய்வு. மாதவாரியாகப் பல புள்ளிகள் இருந்தால் இடைமறித்த காலத்தொடர். நெறிமுறையிலிருந்து தொடங்கி வெளியீடு வரை பின்தொடர்ந்தால் கோஹார்ட்.

கடைசியில் சொன்னதற்கும் முதலில் சொன்னதற்கும் இடையேயான வேறுபாடு பெயரோடு நிற்பதில்லை. 2004-இல் ஆன்-வென் சானும் சக ஆசிரியர்களும் டென்மார்க்கின் அறநெறிக் குழுக்கள் ஒப்புதல் அளித்த 102 சோதனைகளின் நெறிமுறைகளை, அவற்றிலிருந்து வந்த 122 கட்டுரைகளோடு ஒப்பிட்டனர். 62 சதவீதச் சோதனைகளில் குறைந்தது ஒரு முதன்மை விளைவாவது மாற்றப்பட்டோ, புதிதாகச் சேர்க்கப்பட்டோ, விடப்பட்டோ இருந்தது. வெளியான கட்டுரையை மட்டும் படித்தால் இது கண்ணில் படவே படாது. 2008-இல் மனச்சோர்வு மருந்துகள் பற்றி வந்த ஆய்வும் இதே ரகம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்திடம் பதிவான 74 சோதனைகளில் 31 சதவீதம் வெளியாகவில்லை. வெளியானவற்றைப் படித்தால் 94 சதவீதம் சாதகம். நிர்வாகத்தின் மதிப்பீட்டில் 51 சதவீதம்தான். சதவீதத்தின் பகுதி எண், அதாவது வகுக்கும் எண், எங்கிருந்து வந்தது என்பதை "கோஹார்ட்" என்ற ஒரு சொல் சொல்லிவிடும்.

இன்னொரு வேறுபாட்டையும் தலைப்பிலேயே காட்டலாம்: அறிக்கையிடலின் தரமா, நடத்தையின் தரமா? சீரற்ற வரிசையை எப்படி உருவாக்கினோம் என்று எழுதாதது வேறு, சீரற்ற வரிசையே இல்லாதது வேறு. தரவெடுக்கும் படிவத்தில் "செய்தார்கள்", "செய்யவில்லை", "தெரியவில்லை" என்று மூன்று பெட்டிகள் வேண்டும். இரண்டு மட்டும் வைத்தால் எழுதாதவர்கள் எல்லாரும் செய்யாதவர்கள் ஆகிவிடுவார்கள்.

மாதிரி அளவைப் பற்றி இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனெனில் இந்த வகை ஆய்வுகளில் "கிடைத்த நூறு" என்பதே பலருடைய கணக்கு. ஒரு பண்பு சுமார் பாதிக் கட்டுரைகளில் இருக்கும் என்று எதிர்பார்த்து, 95 சதவீத நம்பக இடைவெளியின் (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பின்) அரை அகலம் 5 சதவீதப் புள்ளிகளாக வேண்டும் என்றால் 385 கட்டுரைகள் தேவை. 10 புள்ளிகள் போதும் என்றால் 97. மொத்தமே 600 கட்டுரைகள்தான் இருக்கின்றன என்றால் 385 என்பது 235-ஆகக் குறையும். எதிர்த்திசையில், ஒரே ஆய்விதழின் கட்டுரைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஆய்விதழுக்கு 20 கட்டுரைகள், குழு உள்தொடர்பு (ஒரே ஆய்விதழின் கட்டுரைகள் ஒத்திருக்கும் அளவு) 0.05 என்றால் தேவையான அளவு 1.95 மடங்காகும். 385 என்பது 751 ஆகிவிடும். பகுப்பாய்விலும் இந்தத் தொகுப்பைக் கணக்கில் கொள்ளாவிட்டால் நம்பக இடைவெளி பொய்யாகக் குறுகும்.

தரவெடுப்பை இருவர் தனித்தனியே செய்ய வேண்டும். முதல் 10 கட்டுரைகளை இருவரும் முடித்து, ஒவ்வொரு கேள்விக்கும் எங்கே பிரிந்தார்கள் என்று பார்த்த பிறகு படிவத்தைத் திருத்துவது, நூறு கட்டுரைகளுக்குப் பின் திருத்துவதைவிட மலிவு.

ஸ்கோப்பிங் ரிவ்யூவும் முறைகளின் மீளாய்வும்

ஒரு துறையில் என்னென்ன இருக்கிறது என்று வரைபடம் போடுவது ஸ்கோப்பிங் ரிவ்யூ. ஆர்க்சியும் ஓ'மாலியும் 2005-இல் அதற்கொரு சட்டகம் தந்தனர். 2018-இல், முறைசார் மீளாய்வுகளுக்கான பிரிஸ்மா என்ற அறிக்கையிடல் வழிகாட்டியின் நீட்சி ஒன்று 20 கட்டாய அம்சங்களோடும் 2 விருப்ப அம்சங்களோடும் வந்தது. முறைகளின் மீளாய்வு கொஞ்சம் வேறு: ஒரு குறிப்பிட்ட சிக்கலுக்கு, உதாரணமாகக் கொத்துச் சோதனைகளில் (தனிநபர்களை அல்லாமல் பள்ளி, ஊர் போன்ற குழுக்களைப் பிரிக்கும் சோதனைகளில்) விடுபட்ட தரவைக் கையாள, என்னென்ன முறைகள் பரிந்துரைக்கப்பட்டுள்ளன என்று திரட்டுவது.

ஸ்கோப்பிங் என்ற பெயர் வேறு பெயர் கிடைக்காதவர்களின் சத்திரமாகிவிட்டது. மாதிரி எடுத்து சதவீதம் கணக்கிட்டால் அது வரைபடம் அல்ல. கேள்வி "என்னென்ன வகைகள் உண்டு?" என்றிருந்தால் ஸ்கோப்பிங், "எத்தனை சதவீதம்?" என்றிருந்தால் குறுக்குவெட்டு.

தலையிட்டுச் சோதிக்கும் வகை

மேலே சொன்னவை எல்லாம் வெளியானதைப் பார்ப்பவை. ஆய்வு நடக்கும்போதே அதன் முறையைச் சோதிப்பது ஸ்வாட், அதாவது சோதனைக்குள் சோதனை. நடந்துகொண்டிருக்கும் சோதனையில் அழைப்புக் கடிதத்தின் இரண்டு வடிவங்களைச் சீரற்ற முறையில் அனுப்பி, எதற்கு அதிகம் பேர் சேர்கிறார்கள் என்று பார்ப்பது ஓர் உதாரணம். இதைத் துணை ஆய்வு என்றோ முன்னோட்ட ஆய்வு என்றோ எழுதினால் பின்னால் ஒன்றுதிரட்ட முடியாது. ஒன்றுதிரட்டல்தான் இதன் உயிர், ஏனென்றால் ஒரு தனி ஸ்வாட்டின் மாதிரி அளவு அதைத் தாங்கும் சோதனையால் கட்டுப்பட்டது, தனியாக நின்றால் எதையும் நிரூபிக்கப் பெரும்பாலும் போதாது. ஆட்சேர்ப்பு உத்திகள் பற்றி 2018-இல் வந்த, முறைசார் மீளாய்வுகளை வெளியிடும் காக்ரேன் அமைப்பின் முறையியல் மீளாய்வு 68 ஆய்வுகளை, 74,000-க்கு மேற்பட்டவர்களை உள்ளடக்கியது. பதிலளிக்காதவர்களுக்குத் தொலைபேசியில் நினைவூட்டினால் சேர்க்கை சுமார் 6 சதவீதப் புள்ளிகள் கூடுகிறது என்பது அதிலிருந்து தெரிந்த சில உறுதியான விடைகளில் ஒன்று.

ஸ்வாட்டுகளுக்கு பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு களஞ்சியம் உண்டு, எண் வாங்கித் தலைப்பிலோ சுருக்கத்திலோ போடலாம். மீளாய்வுக்குள் இதே போலச் செய்தால் ஸ்வார். வெளியான கட்டுரைகளை ஆராய்வதற்குப் பொதுவாக அறநெறி ஒப்புதல் தேவைப்படாது. ஸ்வாட்டுக்கும் ஆய்வாளர்களிடம் எடுக்கும் கருத்துக்கணிப்புக்கும் தேவைப்படும், அங்கே அலகு மனிதர்.

உருவகப்படுத்தல் ஆய்வு, மேற்கோள் எண்ணிக்கையை ஆராயும் பிப்ளியோமெட்ரிக்ஸ், அளவுகோல்களின் நம்பகத்தன்மையைச் சோதிக்கும் ஆய்வு ஆகியவற்றுக்குப் பெயர் ஏற்கெனவே தெளிவு. அவற்றை முறையியல் ஆய்வு என்ற குடைக்குள் இழுக்க வேண்டிய அவசியமில்லை.

தலைப்பை எழுதும்போது

பொருள், அலகு, வடிவமைப்பு மூன்றும் தலைப்பில் இருக்கட்டும். "உடற்பயிற்சிச் சோதனைகளில் தீங்குகளை அறிக்கையிடல்: 2023-இல் வெளியான கட்டுரைகளின் குறுக்குவெட்டு முறையியல் ஆய்வு" என்பது நீளம்தான், ஆனால் சகமதிப்பாய்வாளருக்கு எதை எதிர்பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். மெட்டா ரிசர்ச் என்பதைக் குறிச்சொல்லில் சேர்க்கலாம்.

வழிகாட்டி விஷயத்தில் சமரசம் தேவைப்படும். குறுக்குவெட்டு முறையியல் ஆய்வுக்குப் பலர் கவனிப்பு ஆய்வுகளுக்கான, 22 அம்சங்கள் கொண்ட ஸ்ட்ரோப் வழிகாட்டியை எடுக்கிறார்கள், அது மனிதர்களை அலகாகக் கொண்டு எழுதப்பட்டது. பங்கேற்பாளர் என்ற இடத்தில் கட்டுரை என்று படித்து, பிரிஸ்மாவின் ஓட்டப்படத்தை (கட்டுரைகள் படிப்படியாக வடிகட்டப்பட்டதைக் காட்டும் படம்) சேர்த்தால் போதும். ஆனால் "பிரிஸ்மாவைப் பின்பற்றினோம்" என்று எழுதினாலே கட்டுரை முறைசார் மீளாய்வு ஆகிவிடாது. ஓட்டப்படத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். குறுகிய பொருள் மெட்டா எபிடமியாலஜிக்கு 2017-இல் வந்த பிரிஸ்மா தழுவல் உண்டு. நெறிமுறையை ஓப்பன் சயின்ஸ் ஃபிரேம்வொர்க் என்ற இணையக் களஞ்சியத்தில் தரவெடுப்புக்கு முன்பே ஏற்றிவிடலாம், எந்த வகையானாலும் அங்கே தடையில்லை.

நூலகர்களின் பக்கத்திலிருந்து ஒரு தகவல். மெட்லைன் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் சீரற்ற சோதனைக் கட்டுரைக்கு வெளியீட்டு வகையாக ஒரு குறி உண்டு, சீரற்ற சோதனைகளைப் பற்றிய கட்டுரைக்கு "ஆஸ் டாபிக்" என்ற ஒட்டோடு வேறு குறி உண்டு. முறைசார் மீளாய்வுக்கும் அப்படியே. தலைப்பில் தவறாக முறைசார் மீளாய்வு என்று போட்ட கட்டுரை முதல் குறியை வாங்கிக்கொண்டு, சிகிச்சைச் சான்று தேடும் மருத்துவரின் வடிகட்டியில் வந்து நிற்கும். முறையியல் ஆய்வு தேடுபவரின் "ஆஸ் டாபிக்" தேடலிலோ அது சிக்காமல் போகலாம்.